வெயில் இருக்கிற வரைக்கும்

ஷூவின் முடிச்சை அவிழ்க்க மூத்தவன் வாசலில் குனிந்தபோது, தங்கை ஓடிவந்து தோளைப் பிடித்துத் தடுத்தாள்.

"கழட்டாதீங்கண்ணா. அப்படியே உள்ள வாங்க."

"வீட்டுக்குள்ளயா?"

"மூணு மாசமா நாங்க எல்லாரும் செருப்போடதான் நடமாடுறோம். இப்ப ஒண்ணும் பண்ணாதுன்னு வயர்மேன் சொல்றாரு. இருந்தாலும் எதுக்கு வம்பு."

அவன் நிமிர்ந்து உள்ளே பார்த்தான். கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காலிலும் செருப்பு. நடுவில் பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பா ஒருவர்தான் வெறுங்காலோடு இருந்தார்.

பதினாலு மணி நேரம், இரண்டு விமானம், ஒரு டாக்சி. வழிநெடுக அழுகை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே வந்தான். வரவில்லை. வந்ததெல்லாம் பயம். டாக்சியில் ஏறியதும் அவன் செய்த முதல் காரியம், கைபேசியிலிருந்து சோலார் ஆப்பை அழித்தது. அப்பன் செத்த சேதி கேட்டு ஓடிவருகிற எந்தப் பிள்ளைக்கும் தோன்றாத வேலை. ஃபோனில் இடம் போதவில்லை என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எட்டுப் பேனலும் ஒரு இன்வெர்ட்டரும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் போட்டு அனுப்பியவன் அவன்தான். அங்கே அவன் குடியிருந்தது பத்தொன்பதாவது மாடி. பால்கனியில் இரண்டு சட்டை காயப்போட்டால் மூன்றாவதுக்கு இடமில்லை. சொந்தமாகக் கூரை இல்லாதவன் அப்பாவின் கூரையில் ஆசையைத் தீர்த்துக்கொண்டான். இங்கே மாடியில் எவ்வளவு மின்சாரம் விளைகிறது, எவ்வளவு செலவாகிறது என்று அங்கே அவன் கைபேசியில் ஒரு கோடு ஏறி இறங்கும். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரனிடம் காட்டுவான். "எங்க வீட்டுல இப்ப மோட்டார் போட்டிருக்காங்க பாரு" என்பான். அப்பாவை வாரத்துக்கு ஒருதரம் கூப்பிடுவான். கோட்டை ஒரு நாளைக்கு இருபது தரம் பார்ப்பான்.

அந்த ஆப் அப்பாவிடம் இல்லை. அப்பாவிடம் இருந்தது பட்டன் ஃபோன். அதனால் வீட்டில் ஏதாவது கோளாறு என்றால், வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. கடல் தாண்டி இருப்பவனுக்குத்தான் மணி அடிக்கும். மூன்று மாதம் முன்பு அப்படி ஒருநாள் அடித்தது. இங்கே விடிந்து பனி ஈரம் காயாத நேரம், அங்கே அவன் போர்வைக்குள் இருந்தான். சிவப்பில் ஒரு வரி: எர்த் கோளாறு, உடனே கவனிக்கவும். மறுநாளும் அதே நேரத்துக்கு அடித்தது. அதற்கு அடுத்த நாளும். ஆறு நாள் தூக்கம் கெட்டது. ஏழாவது நாள் எரிச்சலோடு, கீழே இருந்த 'இனி அறிவிக்க வேண்டாம்' என்பதை அழுத்தினான். இயந்திரம் சொன்னபடி கேட்டது. அவனும் நிம்மதியாகத் தூங்கினான்.

ஆனால் ஈரம் காயும்வரை இன்வெர்ட்டர் தினமும் தானாக நின்றுகொண்டது. கோடு இறங்கியது. காரணத்தின் வாயைத் தானே மூடியவன், கோடு ஏன் இறங்குகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டான். தூசிதான் என்று முடிவுகட்டி அப்பாவைக் கூப்பிட்டான்.

"பேனல் மேலயெல்லாம் தூசி படிஞ்சிருக்கும்ப்பா. ஈரத்துணியால நல்லா துடைச்சு விடுங்க. வாரா வாரம் பண்ணுங்க, விட்டுடாதீங்க."

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. விடவில்லை. பன்னிரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பேனலின் சட்டத்தைப் பிடித்தபடியே செத்தார்.

கூடத்தில் அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து முந்தின நாள் சாயங்காலமே உடலைக் கொடுத்துவிட்டார்களாம். குளிர்பெட்டி வந்திருக்கிறது. அம்மா அதைப் ப்ளக்கில் சொருக விடவில்லை. அதனால் பெஞ்சின் மேல் ஐஸ் பாளங்களை அடுக்கி, அதன் மேல் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். உருகிய தண்ணீர் நாலு மூலையிலும் வைத்த வாளிகளில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா" என்றாள் அம்மா. "ஏதாவது சாப்டியா?"

"பிளேன்ல குடுத்தாங்க."

அவ்வளவுதான். அவன் அப்பாவின் பக்கத்தில் மண்டி போட்டான். வலது கை மட்டும் துண்டால் மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தான். உள்ளங்கையில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. அலுமினியச் சட்டத்தின் அகலம் அது. அவசரமாக மூடினான்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனான். ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் துண்டு சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. முன்னால் தரையில் ஒரு மரப்பலகை. வாஷிங் மெஷினுக்கு முன்னாலும் ஒன்று.

"அப்பா போட்டதுதான்" என்றாள் பின்னாலேயே வந்த தங்கை. "தொட்டா சுர்ருன்னு இழுக்கும். அப்பா அதைக் கிள்ளுதுன்னுதான் சொல்வாரு. இன்னிக்கு ஃப்ரிட்ஜு லேசா கிள்ளிச்சு, நேத்து மாதிரி இல்லைன்னு சிரிப்பாரு. அண்ணன்கிட்ட சொல்லலாமேன்னு நான்தான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"சொல்லியிருக்கலாமே."

"ஒரு தடவை சொன்னாராமே. நாளைக்குப் பார்க்கிறேன்னீங்களாம். அப்புறம் எங்களை வாயத் திறக்க விடல. ஆசையா அனுப்பியிருக்கான், குறை சொன்னா அவன் மனசு கஷ்டப்படும்னாரு."

மூத்தவனுக்கு முகம் எரிந்தது. வெட்கம்தான். ஆனால் வெட்கத்தை ரொம்ப நேரம் வைத்துக்கொள்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. தங்கைக்கு எவ்வளவு தெரியும், யாருக்கெல்லாம் தெரியும் என்று கணக்குப் போடுவதற்குள் வாசலில் மாப்பிள்ளையின் குரல் உயர்ந்தது.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் புருஷன். பொல்லாதவன் இல்லை, ஆனால் யாரையாவது அடித்தால்தான் துக்கம் ஆறும் என்று நினைக்கிற ரகம். கேட் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட பெயின்ட் வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த ஆளைச் சட்டையோடு பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். பின்னால் ஒரு போலீஸ்காரர், கையில் அட்டையும் காகிதமுமாக.

"மச்சான், இவன்தான். நீங்க வர்ற வரைக்கும் நகரக்கூடாதுன்னு நேத்துலேர்ந்து உக்கார வெச்சிருக்கேன். வண்டிச் சாவியையும் பிடுங்கி வெச்சுட்டேன்."

"சாவி இருந்தாலும் நான் எங்க போகப் போறேன்" என்றார் வயர்மேன். ஐம்பது வயதிருக்கும். சட்டைப்பையில் டெஸ்டர். இந்த வீட்டில் முதல் பல்பு மாட்டியதிலிருந்து எல்லா வேலையும் அவர்தான். ஒரு ராத்திரி முழுக்க வாளி மேல் உட்கார்ந்திருந்த மனிதர், மூத்தவனைப் பார்த்ததும் முகம் தெளிந்தார். "தம்பி வந்துட்டா ஒரு வார்த்தையில முடிஞ்சிடும்னுதான் உக்காந்திருக்கேன். ஐயா கையை விடுவிக்கவே முடியல தம்பி. மெயினை அணைச்சா கரண்டு கீழதான் நிக்கும், மாடியில நிக்காது. வீட்டுல இருந்த கம்பளி, போர்வையெல்லாம் வாங்கிப் பேனலை மூடினேன். அப்புறம் காஞ்ச பலகையால தட்டித்தான் எடுத்தேன். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

போலீஸ்காரர் தொண்டையைச் செருமினார். "அலட்சியத்தால போன உயிர் சார் இது. யாரோட அலட்சியம்னு ஒரு பேர் வேணும் எனக்கு. மூத்த மகன் நீங்கதானே, நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா நான் போயிட்டே இருப்பேன்."

"அதான் தம்பி, நீங்களே சொல்லிடுங்க" என்றார் வயர்மேன். "குழி தோண்டணும்னு நான் சொன்னேனா இல்லையா?"

சொன்னார். நன்றாகவே சொன்னார். இரண்டு வருஷம் முன்பு இதே கூடத்தில், அப்பா பட்டன் ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் பிடித்துக்கொண்டிருக்க, வயர்மேன் குனிந்து அதற்குள் பேசினார். பழைய எர்த் இந்தச் சுமைக்குத் தாங்காது, கம்பியும் அரித்துப்போச்சு. வாசலில் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, செம்புத் தகடு இறக்கி, உப்பும் கரியும் கொட்டி மூட வேண்டும். அதற்கு முற்றத்தில் பதித்திருக்கிற கல்லில் மூன்றைப் பெயர்க்க வேண்டும். அந்தக் கல் மூத்தவன் அங்கே ஒரு கடையில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்பியது.

"கல்லுல மட்டும் கை வெச்சிடாதீங்க" என்றான் அவன் அப்போது. "உப்பு, கரின்னு இதென்ன மாந்திரீகமா? நான் இருக்கிறது நாப்பது மாடிக் கட்டடம். ஒருத்தன் குழி தோண்டி நான் பார்த்ததில்ல."

"நீங்க பார்த்திருக்க முடியாது தம்பி. கட்டடம் எழும்புறதுக்கு முன்னாடியே அடியில போட்டு மூடியிருப்பாங்க."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க. சொன்னதைப் பண்ணுங்க."

வயர்மேன் சொன்னதைப் பண்ணினார். வீட்டிலுள்ள எர்த் கம்பியை எல்லாம் ஒன்றாகக் கட்டி, என்றைக்காவது தம்பி மனசு மாறுவார் என்று வெளிச் சுவரில் ஒரு ஆணியில் சுருட்டி மாட்டினார். பச்சைக் கம்பிச் சுருள். மண்ணைத் தொடாத எர்த். மாடியில் எலி கடித்தோ வெயிலில் வெடித்தோ ஒரு கம்பியின் தோல் போனபோது, கசிந்த மின்சாரம் பேனல் சட்டத்தில் ஏறி, மண்ணுக்குப் போக வழியில்லாமல் அந்தக் கம்பி வழியாக வீடெல்லாம் சுற்றியது. ஃப்ரிட்ஜுக்கு வந்தது. வாஷிங் மெஷினுக்கு வந்தது.

இப்போது கூடம் முழுக்க மூத்தவனைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மாப்பிள்ளையின் கை தன் பக்கம் திரும்பும். போலீஸ்காரர் அட்டையில் தன் பெயரை எழுதுவார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வியாழக்கிழமை திரும்பிப் போக டிக்கெட் போட்டிருந்தது.

"குழியா?" என்றான். "என்ன குழி?"

வயர்மேன் கொஞ்ச நேரம் அதே தெளிந்த முகத்தோடு நின்றார். பயணக் களைப்பு, ஞாபகப்படுத்தினால் சொல்லிவிடுவார் என்று நினைத்தார் போல. "எர்த் குழி தம்பி. உப்பு, கரி வாங்கணும்னு சொன்னேனே. நீங்ககூட மாந்திரீகமான்னு கேட்டீங்களே."

"என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல." முதல் பொய்தான் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது தானாக வந்தது, கூடவே கோபமும் வந்தது. நிஜக் கோபம் மாதிரியே இருந்தது, அவனுக்கே ஆச்சரியம். "நான் சாமான் அனுப்பினேன். மாட்டினது நீங்க. எர்த் போடணும்னு நான் வெளிநாட்டுலேர்ந்து வந்து சொல்லிக் குடுக்கணுமா? உங்களை நம்பித்தானே எங்கப்பாவை விட்டுட்டுப் போனேன்."

மாப்பிள்ளை அடித்தான். கன்னத்தில் ஒன்று, காதோடு சேர்த்து இன்னொன்று. டெஸ்டர் சட்டைப்பையிலிருந்து விழுந்து பெஞ்சுக்கு அடியில் உருண்டது. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர், "போதும்ப்பா, சாவு வீடு" என்றார். யாரும் எழுந்து வரவில்லை.

வயர்மேன் கன்னத்தைத் தடவவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தார். "அம்மா, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. அரிசி பொறுக்கிட்டிருந்தீங்க."

அம்மா தலையைத் தூக்கி மகனைப் பார்த்தாள். அவன் ஐஸ் வாளியைப் பார்த்தான்.

"முதல்ல அவரை எடுங்க" என்றாள் அம்மா. "ஈரத்துல எவ்வளவு நேரம் படுத்திருப்பாரு மனுஷன்."

எடுத்தார்கள். சுடுகாட்டில் விறகு இல்லை, மின்சார அடுப்புதான். உடம்பைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே தள்ளிவிட்டு, அங்கிருந்தவன் சுவரில் ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினான். மின்சாரம் தொடங்கிய வேலையை மின்சாரமே முடித்துக் கொடுத்தது. நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். மூத்தவனுக்கு அப்போது அழுகை வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதான். மாப்பிள்ளை முதுகைத் தட்டிக்கொடுத்து, "அந்த நாயை சும்மா விடமாட்டேன் மச்சான்" என்றான். அழுகை அதோடு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து குளித்தான். கூடத்துத் தரையை அதற்குள் கழுவிவிட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, தங்கை கொண்டுவந்த அட்டையை மடியில் வைத்து, நல்ல கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதினான். 'தகுந்த முறையில் எர்த் இணைப்புக் கொடுக்காமலும், அதை எங்களிடம் தெரிவிக்காமலும்...' 'தெரிவிக்காமலும்' என்ற இடத்தில் பேனா மக்கர் பண்ணியது. உதறிவிட்டு மறுபடி எழுதினான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

போலீஸ்காரர் வயர்மேனை ஜீப்பில் ஏறச் சொன்னார். மாப்பிள்ளை கூடவே ஏறிக்கொண்டான். வயர்மேன் ஒரு காலை ஜீப்பில் வைத்துக்கொண்டு, மூத்தவனை விட்டுவிட்டுத் தங்கையிடம் பேசினார். அவர் சாபம் கொடுப்பார் என்று மூத்தவன் எதிர்பார்த்தான். அப்படியாவது கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி யாராவது வேலை தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வந்து மேல கம்பியைப் பிரிச்சிடும்மா. அதுவரைக்கும் போர்வையை எடுத்துடாதீங்க. வெயில் இருக்கிற வரைக்கும் அது உயிரோடதான் இருக்கும். பொழுது சாஞ்சா தானா அடங்கிடும். அப்ப தொட்டா ஒண்ணும் இல்ல."

ஜீப் போனது. வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மணி மூன்று இருக்கும். மூத்தவன் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடினான். நடந்தது நடந்துவிட்டது, இரண்டு மாதம் கழித்து ஒரு நல்ல வக்கீலை வைத்து அந்த ஆளை வெளியே எடுத்துவிடலாம், அவர் குடும்பத்துக்கும் ஏதாவது செய்யலாம் என்று ஒரு நல்லவனைப் போல யோசித்துக்கொண்டிருந்தான். மாடியில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது.

படியேறிப் போனான். அம்மா பேனல்களின் மேலிருந்து போர்வைகளை உருவிக்கொண்டிருந்தாள். கடைசிப் போர்வை அப்பாவுடையது, கட்டம் போட்டது. அதையும் உருவி மடித்து மற்றவற்றின் மேல் வைத்தாள். எட்டுப் பேனலும் வெயிலில் பளபளத்தன. குளித்த ஈரம் அவள் புடவையில் காயவில்லை. அவள் செருப்பு மாடிக்கதவு ஓரமாகக் கழற்றிக் கிடந்தது.

"என்னம்மா பண்ற? இறங்கு."

"துவைக்கணும்." சொல்லிக்கொண்டே பேனல் ஸ்டாண்டின் காலைப் பதித்திருந்த சிமென்ட் கட்டை மேல் உட்கார்ந்தாள். வலது கையைச் சட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினாள்.

"அம்மா, தொடாத."

"எதை?"

"ஃப்ரேமை. தள்ளி வா சொல்றேன்."

"ஏன்? குழி எதுக்கு, அதெல்லாம் மாந்திரீகம்னு சொன்னவன் நீதானே."

"அது அப்படி இல்லம்மா. அந்தாளு சரியா மாட்டல."

கை நாலு விரல்கடை கீழே இறங்கியது. அம்மாவின் முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. காய்கறிக்காரன் எடை போடும்போது தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"நல்லாத்தானே மாட்டியிருக்கார். பார்த்துடலாமா?"

"வேணாம். அவர் சொன்னார். குழி தோண்டணும்னு சொன்னார். நான்தான் வேணாம்னேன். போதுமா? கையை எடு."

கை எடுக்கப்படவில்லை. இறங்கவும் இல்லை.

"என்கிட்ட எதுக்கு சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு. எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டு அந்த மனுஷனைக் கையோட கூட்டிட்டு வா."

"புரியாம பேசாதம்மா. கேஸுன்னு ஆச்சுன்னா நான் திரும்பிப் போகவே முடியாது. வேலை போயிடும். பிள்ளைங்க அங்க படிக்குதுங்க."

"அவருக்கும் ரெண்டு பொண்ணு படிக்குது."

"நாளைக்கு ஒரு வக்கீலைப் பார்த்து..."

"இன்னிக்கு." அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். சட்டம் முழங்கைக்கு அரை அடியில் இருந்தது. "உங்கப்பா உனக்காக மூணு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தாரு. காலையில நானும் மூடிக்கிட்டு இருந்தேன். பெத்த வாய், மூடிக்கிச்சு. இனிமே முடியாது. நீ அவரோட வந்தா இறங்கி வர்றேன். தனியா வந்தேன்னா இதைப் பிடிச்சுக்குவேன். உங்கப்பாவை விட முடியலைன்னு சொன்னாங்க இல்ல, என்னையும் விடாது."

பாய்ந்து இழுத்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தான். இழுக்கிற நேரத்தில் அவள் பிடித்துக்கொண்டால் தனக்கும் சேர்த்து அடிக்கும் என்று தெரிந்ததும் கால் நகரவில்லை. தங்கையைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவளுக்கும் எல்லாம் சொல்ல வேண்டும்.

"சரி. போறேன்" என்றான்.

கூடத்து ஆணியில் வயர்மேனின் வண்டிச் சாவி தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். வண்டியின் பக்கவாட்டில் அவருடைய சாமான் பை கட்டியபடியே இருந்தது. மாடிக்குக் கேட்கிற மாதிரி நன்றாக முறுக்கிக் கிளப்பினான். தெருவில் இறங்கி நேராகப் போனான். ஸ்டேஷன் பத்து நிமிடத் தூரம்.

போகத்தான் போனான். தெருமுனை வரை நிஜமாகவே அதற்குத்தான் போனான். முனையில் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தபோது, எதிர்வெயில் கண்ணில் அடித்தது. கையைத் தூக்கி மறைத்தான். அப்போது அந்தக் கோடு ஞாபகம் வந்தது. ஃபோனிலிருந்து அழித்திருந்தான், கண்ணிலிருந்து அழியவில்லை. இரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு இருபது தரம் பார்த்த கோடு. காலையில் எழும்பி, நடுப்பகலில் உச்சிக்குப் போய், சாயங்காலம் சரிந்து வரும். இந்த மாதத்தில் ஐந்து ஐம்பதுக்குத் தரையைத் தட்டும். அதற்கப்புறம் அவள் எதைப் பிடித்தாலும் வெறும் அலுமினியம்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று இருபத்தைந்து.

முனையில் ஒரு டீக்கடை இருந்தது. வண்டியை அணைத்து, ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னான்.

"வயர்மேன் வண்டியாச்சே இது" என்றார் கடைக்காரர். பிறகு அவன் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். "பெரியவரோட மகனா சார்? வெளிநாட்டுல இருக்கறதா சொல்வாரே. தங்கமான மனுஷன். இங்கதான் பேப்பர் படிக்க வருவாரு. என் பையன் மாடியில மெஷின் வெச்சுக் குடுத்திருக்கான், அங்க உக்காந்துக்கிட்டே பார்த்துக்கறான்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாரு."

"ம்."

"வயர்மேனைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்களாமே. அந்தாளு தப்புதானா சார்?"

"ஆமா" என்றான் மூத்தவன்.

கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே டீயை நீட்டினார். சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றான். தெருவின் அந்தக் கோடியில் அவர்கள் வீட்டு மாடி தெரிந்தது. கைப்பிடிச் சுவருக்கு மேலே பேனல்களின் விளிம்பு மட்டும் மின்னியது. அம்மா உட்கார்ந்திருந்த இடம் இங்கிருந்து தெரியவில்லை.

"மூஞ்சில வெயில் அடிக்குதே சார், இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தான். டீ நன்றாக இருந்தது. வண்டியின் நிழல் சக்கரத்தடியிலிருந்து கொஞ்சம் வெளியே வந்து, சாலையோரத்து மண்ணில் விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தான். கிளாஸைக் கீழே வைத்தபோது மணி மூன்று நாற்பது.

"இன்னொண்ணு போடுங்க" என்றான்.